முதுகையும் மார்பையும் பிரித்துப் பார்க்கலாமா?

பெரிய மருத்துவமனை எதற்குள் நுழைந்தாலும் மார்பு நோய்ப் பிரிவு ஒரு கட்டிடத்திலும், மூட்டு நோய்ப் பிரிவு வேறொரு கட்டிடத்திலும், கண் நோய்ப் பிரிவு இன்னும் சற்றுத் தொலைவிலும் இருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, தனி வரிசை, தனி நாள். நிர்வாகத்துக்கு இந்த ஏற்பாடு வசதியானது. மாணவர் கற்பதற்கும் ஏற்றது. ஆனால் வியாதிகள் கட்டிடங்களின் எல்லையை மதிப்பதில்லை. அவ்வாறு மதியாத வியாதிகளுள் முக்கியமான ஒன்று ஸார்காய்டோஸிஸ்.

இது நுரையீரலின் வியாதி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். கருதுவதற்கு நியாயமும் உண்டு. பத்து நோயாளிகளில் ஒன்பது பேருக்கு நுரையீரலோ மார்பின் நிணநீர்க் கோளங்களோ பாதிக்கப்படுகின்றன. ஆதலால் நோயாளி மார்பு நோய் நிபுணரின் பொறுப்பில் இருக்கிறார். அவர் ஒரு நாள், “காலையில் எழும்போது முதுகு மரக்கட்டை போல் இருக்கிறது” என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் குறிப்பேட்டில் இடம் கிடைப்பது அரிது. வயதின் கோளாறு என்றோ, தரையில் படுத்ததன் விளைவு என்றோ, சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றோ அது ஒதுக்கப்படுகிறது. இவ்வாறு ஒதுக்குவது தவறு என்பதும், இந்திய நாட்டின் சூழ்நிலையில் அது ஆபத்தான தவறாகவும் ஆகக்கூடும் என்பதும் இங்கே எடுத்துக்காட்டப்படும்.

வியாதியின் இயல்பு

நோயை எதிர்க்கும் உயிரணுக்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டு, கண்ணுக்குப் புலனாகாத சிறு முடிச்சுகளாக அமைவதுண்டு. இம்முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். காசநோயிலும் தொழுநோயிலும் இத்தகைய முடிச்சுகள் தோன்றுகின்றன. அங்கே அவற்றின் நடுவில் சிறைப்பட்டிருப்பது இன்ன கிருமி என்று சொல்ல முடியும். ஸார்காய்டோஸிஸில் முடிச்சு உண்டு, கிருமி காணப்படுவதில்லை. பிறவியிலேயே அமைந்த உடல்வாகு ஒரு காரணம் என்றும், சூழ்நிலையிலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதல் மற்றொரு காரணம் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அத்தூண்டுதல் எது என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.

இவ்வியாதியின் சரித்திரமே ஒரு பாடமாகும். 1869-இல் லண்டன் நகரில் ஜொனாதன் ஹச்சின்ஸன் தோலில் தோன்றிய ஊதாநிறத் தடிப்புகளைக் கண்டார். 1889-இல் பாரிஸில் பெஸ்னியே மூக்கிலும் விரல்களிலும் தோன்றும் தடிப்பை வருணித்தார். 1899-இல் நார்வே நாட்டின் ஸீஸர் போயெக், இத்தடிப்புகள் ஸார்க்கோமா என்னும் புற்றை ஒத்திருப்பினும் அதைப் போன்று கொடியவை அல்ல என்று கண்டு ‘ஸார்காய்ட்’ என்ற சொல்லை வழங்கினார். இவர்கள் மூவரும் தோலைப் பார்த்தவர்கள். தோலிலும் நுரையீரலிலும் எலும்பிலும் நிணநீர்க் கோளத்திலும் காணப்படுவது ஒரே வியாதிதான் என்பதை வலியுறுத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஷௌமன் ஆவார். அதற்குள் இருபதாம் நூற்றாண்டு பிறந்துவிட்டது.

எலும்பைப் பார்த்தவரும் தப்பவில்லை. 1920-இல் ஜெர்மானிய மருத்துவர் யுங்லிங் விரலெலும்புகளில் பின்னல் துணியைப் போன்ற துளைகளைக் கண்டு, அவற்றைக் காசநோயின் விளைவு என்றே கருதி, அவ்வாறே பெயரும் இட்டார். அது ஸார்காய்டோஸிஸ் என்று பின்னரே தெளிவாயிற்று. முழு உடலையும் ஒருசேர நோக்காமல் ஒரு பகுதியை மட்டும் நோக்கியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். நோக்கிய பகுதி சிறிது என்பதே குறை. அக்குறை இன்று முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மூட்டுகளில் தோன்றும் இரு வடிவங்கள்

ஸார்காய்டோஸிஸ் மூட்டுகளைத் தாக்கும் முறை ஒன்றன்று. முதல் வடிவம் திடீரெனத் தோன்றுவது. காய்ச்சல் வரும், இரு கணுக்கால்களும் வீங்கும், முழந்தாளுக்குக் கீழே சிவந்த, தொட்டால் வலிக்கும் கட்டிகள் எழும், மார்பின் எக்ஸ்-ரே படத்தில் இருபுறத்து நிணநீர்க் கோளங்களும் பெருத்திருக்கும். ஸ்வீடனின் ஸ்வென் லோஃப்கிரென் இக்கூட்டத்தை ஆராய்ந்து விளக்கியமையால் அது அவர் பெயரால் வழங்குகிறது. கணுக்காலில் வீங்குவது பெரும்பாலும் மூட்டின் உட்புறமன்று. மூட்டைச் சூழ்ந்த தசைநார்களும் மென்திசுக்களுமே. நோயாளி ஒரு வாரம் எழுந்து நடக்க இயலாமற்போகலாம். எனினும் இது பார்வைக்குத்தான் பயங்கரமானது. பெரும்பாலோர் சில மாதங்களிலும், எஞ்சியோருள் அநேகர் இரண்டாண்டுக்குள்ளும் குணமடைகின்றனர். வலியடக்கும் மருந்தும் ஓய்வும் பலருக்குப் போதுமானவை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இவ்வடிவம் அதிகம், இந்தியாவில் குறைவு.

இரண்டாவது வடிவம் மெல்ல வந்து நிலைத்துத் தங்குவது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றில் அழற்சி மாதக்கணக்கில் நீடிக்கும். சிலருக்கு விரல் முழுவதும் பருத்துவிடும். அவ்விரலின் எலும்பில் யுங்லிங் கண்ட துளைகள் காணப்படும். மூக்கிலும் கன்னத்திலும் ஊதாநிறத் தடிப்பு உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது. இவ்வடிவம் அரிதானது. ஆயினும் தானாக மறையும் இயல்புடையதன்று. ஸ்டீராய்டு, மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளை நெடுநாள் கொடுக்க நேரும்.

இவ்விரண்டையும் பாடநூல்கள் ஒருவாறு விளக்குகின்றன. முதுகெலும்பு பற்றிய செய்தியோ அந்நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. வாதத்துக்குரிய இடம் அதுவேயாம்.

முதுகெலும்பின் வழக்கு

ஸார்காய்டோஸிஸ் நோயாளிக்கு முதுகு வலித்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு; ஒன்றுக்கு நன்மையாவது மற்றொன்றுக்குத் தீமையாகக்கூடும்.

முதலாவது, எல்லோருக்கும் வரும் சாதாரண முதுகுவலி. உழைத்தால் மிகும், ஓய்ந்தால் தணியும். இதுவே பெரும்பான்மை என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது, கிரானுலோமா முள்ளெலும்புக்குள்ளேயே தோன்றுவது. எக்ஸ்-ரே படத்தில் இது பெரும்பாலும் மறைந்துகொள்ளும், எம்.ஆர்.ஐ. படத்திலோ பல முள்ளெலும்புகளில் புள்ளி புள்ளியாக வெளிப்படும். அப்படத்தைப் பார்ப்பவருக்குப் புற்றுநோய் பரவிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. எலும்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தாலன்றி அவ்வையம் தீராது.

மூன்றாவது, ஸ்டீராய்டு மருந்தினால் எலும்பு நலிந்து, முள்ளெலும்பு நசுங்குவது. நுரையீரலைக் காப்பதற்காகப் பல்லாண்டு கொடுக்கப்பட்ட மருந்து முதுகை வாட்டும் கதை இது.

நான்காவது, முதுகெலும்பின் அழற்சி வியாதி. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் இவ்வழற்சி தொடங்கும். பின்னர் முதுகெலும்பின் இணைப்புகளில் ஏறி, ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றை ஒன்றோடொன்று இறுகச் செய்யும். முற்றிய நிலையில் இதற்கு ஆங்கிலோஸிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். பெக்டெரெவ், ஸ்ட்ரும்பெல், பியெர் மரீ ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வருணித்த வியாதி இது. எச்.எல்.ஏ. பி-27 என்னும் பரம்பரைக் குறியோடு இதற்குள்ள நெருங்கிய தொடர்பு 1973-இல் வெளிப்பட்டது.

ஸார்காய்டோஸிஸும் இந்த நான்காவது வியாதியும் ஒரே மனிதரிடம் சேர்ந்து தோன்றிய செய்திகள் மருத்துவ ஏடுகளில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. தற்செயலான சேர்க்கை என்று அவை முதலில் கருதப்பட்டன. பின்னர் இங்கிலாந்து, துருக்கி முதலிய நாடுகளில் ஸார்காய்டோஸிஸ் நோயாளிகளை வரிசையாக ஆராய்ந்தபோது, திரிக மூட்டின் அழற்சி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே தென்பட்டது. அந்த ஆய்வுகள் சிறியவை. அவற்றைக்கொண்டு உறுதியான முடிவு கூறுவது பொருந்தாது. இவ்வாறு இரண்டும் சேர்ந்தவர்களில் பி-27 உடையவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. ஆகவே அக்குறி இல்லை என்ற ஒரு காரணத்தால் ஐயத்தைக் கைவிடலாகாது.

நான்காவது வகையை இனம் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. சில கேள்விகள் போதும். வலி நாற்பது வயதுக்கு முன்னர்த் தொடங்கியதா? இன்ன நாளில் என்று சொல்ல முடியாதபடி மெல்ல வந்ததா? மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா? பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கிறதா? காலையில் விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கிறதா? படுத்திருந்தால் மிகுந்து, எழுந்து நடமாடினால் தணிகிறதா? இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடை வருமாயின், திரிக மூட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்ப்பது கடமையாகும். எக்ஸ்-ரே படத்தில் மாறுதல் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், எம்.ஆர்.ஐ. படமோ எலும்புக்குள் நிகழும் அழற்சியைத் தொடக்கத்திலேயே காட்டவல்லது.

மூச்சுக்கு உரிய கணக்கு

முதுகுவலி உயிரைப் பறிப்பதில்லையே, நுரையீரலைக் கவனித்தால் போதாதா என்று கேட்கலாம். நுரையீரலைக் கவனிப்பதற்கே முதுகைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே விடை.

விலாவெலும்புகள் முதுகெலும்போடு சிறு மூட்டுகளால் இணைந்துள்ளன. அம்மூட்டுகள் இறுகிவிட்டால் மார்புக்கூடு விரிவது குறையும். மூச்சுத்திறன் சோதனையில் உள்ளிழுக்கும் காற்றின் அளவு குறைந்து காணப்படும். ஸார்காய்டோஸிஸ் முற்றி நுரையீரலில் தழும்பு உண்டானாலும் இதே குறைவு தோன்றும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், நுரையீரல் நலிகிறது என்று முடிவு செய்து ஸ்டீராய்டின் அளவைக் கூட்டிவிடுவார். மார்புக்கூடு இறுகியதற்கு அம்மருந்தால் பயனில்லை. எலும்பு நலிவதே மிச்சம். காற்றிலிருந்து இரத்தத்துக்கு வாயு செல்லும் திறனையும் உடன் அளந்தால் இக்குழப்பம் பெரிதும் தீரும். மார்புக்கூட்டின் இறுக்கம் மட்டுமானால் அத்திறன் ஏறத்தாழக் குன்றாமல் இருக்கும். நுரையீரலே நலிந்திருந்தால் குன்றும். முதுகைப் பற்றிக் கேட்காதவருக்கு இச்சோதனையை இக்கோணத்தில் நோக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கு வழியில்லை.

கண்ணிலும் இத்தகைய குழப்பம் உண்டு. இரு வியாதிகளும் கண்ணின் உட்படலத்தில் அழற்சியை உண்டாக்கும். முதுகெலும்பு வியாதியில் அது ஒரு கண்ணில் திடீரென வந்து, சில வாரங்களில் தணிந்து, மறுமுறை மற்றக் கண்ணில் வரும் இயல்பினது. ஸார்காய்டோஸிஸில் இரு கண்களிலும் மெல்ல வந்து நெடுநாள் நிலைப்பது வழக்கம். சிவந்த கண்ணை முதலிற் பார்க்கும் கண் வைத்தியர், முதுகைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்பாரேயானால், பிற பிரிவுகளில் ஆண்டுக்கணக்கில் கிட்டாத விடை அங்கேயே கிட்டக்கூடும்.

காசநோயின் நிழல்

பிற நாடுகளில் இவ்வளவோடு பிரச்சினை முடிகிறது. இந்தியாவிலோ இதற்கு மேல் காசநோயின் நிழல் படிந்திருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்நாட்டினர். ஆகையால் எக்ஸ்-ரே படத்தில் நிணநீர்க் கோளம் பெருத்திருந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். முள்ளெலும்பில் பழுது இருந்தாலும் அதுவே. முதுகெலும்பின் காசநோயை 1779-இல் பெர்ஸிவல் பாட் வருணித்த நாள்முதல், கூன் விழுதலும் கால் செயலிழத்தலும் அதன் விளைவுகள் என்பதை மருத்துவ உலகம் அறியும். அந்த அச்சம் வீணானதன்று.

ஒற்றுமைகள் மேலும் உள்ளன. கணுக்கால் வீக்கமும் காலிற் சிவந்த கட்டிகளும் லோஃப்கிரென் கூறிய கூட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. காசநோயின் எதிர்விளைவாகவும் அவை வரும். காசநோய்க் கிருமி மூட்டுக்குள் புகாமலே மூட்டுகளில் அழற்சி தோன்றுவதை ஃபிரெஞ்சு மருத்துவர் பான்ஸே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். நுரையீரலின் மேற்பகுதியில் தழும்பு காணப்பட்டால் அது காசநோயாகவும் இருக்கலாம், ஸார்காய்டோஸிஸாகவும் இருக்கலாம், நெடுநாளைய முதுகெலும்பு அழற்சியின் விளைவாகவும் இருக்கலாம். கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூஸெல்லோஸிஸ் என்ற வியாதியும் ஒன்று உண்டு. அது கிரானுலோமாவையும் உண்டாக்கும், திரிக மூட்டையும் தாக்கும். மாடு ஆடு வளர்ப்போரும், காய்ச்சாத பாலை அருந்துவோரும் நிறைந்த நாட்டில் அதை மறந்துவிடலாகாது.

இத்தனை ஒற்றுமைகளுக்கு நடுவே, திசுச் சோதனை செய்யாமலேயே காசநோய் மருந்தைத் தொடங்கி, குணம் தெரிகிறதா என்று காத்திருக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. லோஃப்கிரென் கூறிய வடிவம் தானாகவே மறைவது. அது மறையும்போது மருந்தே குணப்படுத்தியதாக வைத்தியரும் நோயாளியும் நம்பிவிடுகின்றனர். தவறான நோய்ப்பெயர் நிலைபெற்றுவிடுகிறது. வேறு சிலருக்கு இதற்கு மாறாக நிகழ்கிறது. காசநோய் மருந்துகளுள் ஒன்றாகிய பைரஸினமைடு இரத்தத்தில் யூரிக அமிலத்தை உயர்த்தி மூட்டுவலியைத் தரவல்லது. ஸார்காய்டோஸிஸின் மூட்டுவலியோடு வந்தவர் அம்மருந்தால் மேலும் ஒரு மூட்டுவலியைப் பெறுகிறார். எது வியாதியால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிறகு பிரித்தறிவது எளிதன்று.

மருந்துகளின் இருமுகம்

நோயின் பெயரைச் சரியாகக் காண வேண்டும் என்று வற்புறுத்துவது புலமைக்காக அன்று. இவ்வியாதிகளின் மருந்துகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதே அதற்குக் காரணம்.

ஸார்காய்டோஸிஸுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. முதுகெலும்பு அழற்சிக்கு வாய்வழி ஸ்டீராய்டு ஏற்ற மருந்தன்று. அதற்கு முதலிடம் முறையான உடற்பயிற்சிக்கும், அழற்சியைத் தணிக்கும் வலிமருந்துகளுக்கும் உரியது. ஆகவே நுரையீரலுக்கு ஸ்டீராய்டு உண்ணும் ஒருவரின் முதுகுவலி தீரவில்லையென்றால், மருந்தின் அளவு போதவில்லை என்று எண்ணுவதற்கு முன், வியாதி வேறோ என்று எண்ண வேண்டும்.

இவற்றுக்கு அடங்காத முதுகெலும்பு அழற்சிக்கு டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் உள்ளன. இவற்றுள் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஆகியவை கடுமையான ஸார்காய்டோஸிஸுக்கும் பயன்படுத்தப்படுகின்றன. இரு வியாதிக்கும் ஒரே மருந்து என்பது நற்செய்தியே. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டனெர்செப்ட், முதுகெலும்பு அழற்சிக்கு உதவுகிறதே தவிர, ஸார்காய்டோஸிஸுக்கு உதவுவதில்லை. நுரையீரல் ஸார்காய்டோஸிஸில் அதைச் சோதித்த ஆய்வொன்று, பலருக்குப் பயனளிக்காமையால் நிறுத்தப்பட்டு, அதன் முடிவு 2003-இல் வெளியாயிற்று. மேலும் ஒரு விந்தை உண்டு. முதுகெலும்பு அழற்சிக்கோ மூட்டு வாதத்துக்கோ இவ்வூசிகளைப் பெற்றவர்களில் ஒரு சிலருக்கு, அம்மருந்தின் பயனாகவே ஸார்காய்டோஸிஸை ஒத்த வியாதி புதிதாகத் தோன்றியிருக்கிறது. எட்டனெர்செப்ட் பெற்றவர்களிடம் இது அதிகமாகப் பதிவாகியுள்ளது. ஆதலால் இரு வியாதியும் உள்ளவருக்கு எந்த ஊசி என்பதை ஒரு பிரிவு மட்டும் தனியே தீர்மானிப்பது பொருந்தாது.

இவ்வூசிகள் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியவை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் கண்ட செய்தி 2001-இல் வெளியானது முதல், ஊசிக்கு முன்னர்க் காசநோய்ச் சோதனை செய்வது விதியாயிற்று. ஆனால் ஸார்காய்டோஸிஸ் நோயாளிக்குத் தோலில் செய்யும் ட்யூபர்குலின் சோதனை, காசநோய்க் கிருமி உடலில் இருந்தும்கூட, இல்லையென்று காட்டிவிடலாம்; அச்சோதனைக்கு எதிர்வினை மங்கிப்போவது இவ்வியாதியின் குணங்களுள் ஒன்று. ஆகவே அந்த ‘இல்லை’யை நம்பி ஊசியைத் தொடங்குவது இருட்டில் கிணற்றோரம் நடப்பதை ஒக்கும். இரத்தத்தில் செய்யும் சோதனையும், மார்பின் படமும், நோயாளியின் வீட்டில் காசநோய் இருந்ததா என்ற விசாரணையும் ஒருங்கே வேண்டும்.

மருந்துக்கடையில் மிக எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். முதுகு வலிக்கிறது என்றதும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஸார்காய்டோஸிஸில் கிரானுலோமா தானே ஒரு தொழிற்சாலையாகி, வைட்டமின் டி-யைச் செயல்வடிவமாக மாற்றிக்கொண்டேயிருக்கும். சிறுநீரகத்துக்குள்ள கட்டுப்பாடு அதற்கு இல்லை. இதனால் இரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் மிகுந்து, சிறுநீரகம் கெடவும் கல் உண்டாகவும் ஏதுவாகிறது. இதில் உள்ள பொறி யாதெனில், வழக்கமாகச் செய்யப்படும் வைட்டமின் டி சோதனை சேமிப்பு வடிவத்தை மட்டும் அளக்கிறது. அது இந்நோயாளிகளிடம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், செயல்வடிவமோ மிகுந்திருக்கலாம். குறைவு என்ற சீட்டைப் பார்த்து நிறைக்கப் புகுந்தால் தீங்கு நேரும். இரத்தத்தில் கால்சியத்தையும், இயன்றால் வைட்டமினின் இரு வடிவங்களையும் அளக்காமல் இம்மாத்திரைகளை ஸார்காய்டோஸிஸ் நோயாளிக்குக் கொடுக்கலாகாது.

மறுப்புரைகளும் விடைகளும்

இவ்வளவையும் கேட்டபின் அனுபவம் மிக்க வைத்தியர் ஒருவர் சில மறுப்புகளை எழுப்பக்கூடும்.

ஸார்காய்டோஸிஸே அரிது, அதனோடு முதுகெலும்பு அழற்சி சேருவது இன்னும் அரிது. இதற்காகக் கூட்டம் மிகுந்த மருத்துவமனையின் நேரத்தைச் செலவிடலாமா என்பது முதல் மறுப்பு. அரிது என்பது ஓரளவு தேடாமையின் விளைவு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸார்காய்டோஸிஸே இந்தியாவில் மிக அரிதென்று கருதப்பட்டது. திசுச் சோதனை பரவியபின் நோயாளிகளின் தொகை பெருகிற்று. வியாதி புதிதாக வந்துவிடவில்லை; பார்வை வந்தது. மேலும் இங்கே கோரப்படுவது கருவியன்று, ஆறு கேள்விகள். அவற்றுக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகா.

இருவியாதியின் சேர்க்கை தற்செயலாகவே இருக்கலாம் அன்றோ என்பது இரண்டாவது மறுப்பு. இருக்கலாம். ஆனால் தற்செயலாகச் சேர்ந்த வியாதிக்கும் வலி உண்டு. மருந்துகளின் முரண்பாடும் உண்டு. உறவு நிரூபிக்கப்படும் வரை நோயாளியின் முதுகு காத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. காசநோயைத் தவறவிடுவதைவிட, காசநோய் இல்லாதவருக்கு அதன் மருந்தைக் கொடுப்பது மேல் என்பதே அது. திசுச் சோதனைக்கு வசதியில்லாத ஊரில், நாளுக்கு நாள் மெலியும் நோயாளியின் முன் நிற்கும் வைத்தியரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. காசநோயை ஸார்காய்டோஸிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுப்பது, எதிர்ப்பிழையைவிடக் கொடிய பிழை என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் அவசர நிலைக்கு உரியது. அதைப் பொதுவிதியாக்குவதே குற்றம். இவ்வியாதிகளில் பெரும்பாலானவை சில நாட்கள் காத்திருக்க இடம் கொடுப்பவை. மூச்சுக்குழாய் வழியே நிணநீர்க் கோளத்தின் துணுக்கை எடுக்கும் வசதியும், காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்தில் கண்டறியும் கருவியும் இந்நாட்டுக்குப் புதியவை அல்ல. மாவட்டத்தில் இல்லாதது தலைநகரில் உண்டு. நோயாளியை அங்கே அனுப்பும் ஒரு கடிதம், ஓராண்டு வீண் சிகிச்சையைத் தடுக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

மார்பு நோய்ப் பிரிவுகளில் ஸார்காய்டோஸிஸ் நோயாளிக்கென வைத்திருக்கும் குறிப்பேட்டில், மூட்டுக்கும் முதுகுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும். மேலே கூறிய ஆறு கேள்விகளும் அதில் அச்சிடப்பட்டிருந்தால், கேட்க மறப்பதற்கு இடமிராது.

மூட்டு நோய்ப் பிரிவுகளிலும் இவ்வாறே, முதுகெலும்பு அழற்சி உடையவருக்கு ஊசி மருந்தைத் தொடங்குமுன் மார்பின் படம் கவனமாகப் பார்க்கப்பட வேண்டும். மருந்து பெறும் காலத்தில் புதிதாக இருமலோ, நிணநீர்க் கோள வீக்கமோ, தோலில் தடிப்போ தோன்றினால், காசநோய் என்றோ ஸார்காய்டோஸிஸ் என்றோ ஊகித்து நின்றுவிடாமல் திசுவைச் சோதிக்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளேனும் மார்பு, மூட்டு, கண் நிபுணர்கள் மூவரும் ஒரே அறையில் அமர்ந்து இந்நோயாளிகளைக் காண வேண்டும். இதற்குப் புதிய கட்டிடம் தேவையில்லை. மூவரின் நாட்குறிப்பில் ஒரே தேதி போதும்.

இறுதியாக நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. எந்த வைத்தியரிடம் சென்றாலும், பிற பிரிவுகளில் கொடுத்த சீட்டுகளையெல்லாம் எடுத்துச் செல்வதும், ‘இது இவரிடம் சொல்ல வேண்டியதில்லை’ என்று எந்த வலியையும் தாமாகவே ஒதுக்காதிருப்பதும் நலம். மார்பு வைத்தியரிடம் முதுகுவலியைச் சொல்ல நோயாளிகள் கூசுகின்றனர். சொல்பவர் கூச்சப்பட வேண்டியதில்லை. கேளாதவரே கூச்சப்பட வேண்டும்.

விடியற்காலையில் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழ முயலும் ஒருவருக்கு, தம் வியாதி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உடல் ஒன்று என்பதே. மருத்துவமும் அதை ஒன்றாகவே நோக்கக் கற்றுக்கொள்ளுமாயின், ஸார்காய்டோஸிஸின் காரணம் விளங்கும் நாள் இன்னும் தொலைவில் இருப்பினும், அவ்வியாதி தரும் துன்பத்தில் ஒரு பகுதியை இன்றே குறைத்துவிட முடியும்.